எட்டு நொடி வீரன் விட்டுச்சென்ற கவசம்!

ரோடியோ போட்டிகளில் காளைச் சவாரி எப்போதுமே கடைசியில்தான் வரும். கூட்டம் மொத்தமாகக் கலைவதற்குள் வண்டியை எடுத்துவிடலாம் என்று எல்சி ஃப்ராஸ்ட் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்கூட்டியே கிளம்பப் பார்ப்பார். அவ்வளவுதான், ஐந்தாறு மாதக் குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்துவிடும். திரும்பி வந்து உட்கார்ந்தால் அழுகை நின்றுவிடும். கடைசிக் காளையும் துள்ளி முடித்த பிறகுதான் வீட்டுக்குப் போக முடியும்.

பின்னாளில் எல்சி இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தக் குழந்தைதான் லேன் ஃப்ராஸ்ட். 24 வயதில் உலக சாம்பியன். 25 வயதில், பல்லாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, சேற்றில் விழுந்து உயிரை விட்டவர். இன்று உலகின் எந்த மூலையில் ஓர் இளைஞர் தொழில்முறையாகக் காளை மீது ஏறினாலும், அவர் மார்பில் இறுக்கிக் கட்டியிருக்கும் கவசத்துக்குப் பின்னால் லேனின் கதை இருக்கிறது.

எட்டு நொடி கணக்கு

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மாடு மேய்க்கும் கவ்பாய்களின் அன்றாட வேலையிலிருந்து பிறந்த விளையாட்டு ரோடியோ. கன்றைக் கயிறு வீசிப் பிடிப்பது, அடங்காத குதிரை மீது உட்கார்ந்து தாக்குப்பிடிப்பது, பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையை விரட்டுவது என்று அதில் பல போட்டிகள். எல்லாவற்றிலும் ஆபத்தானது காளைச் சவாரி.

விதி எளிமையானதுதான். காளையின் உடலைச் சுற்றிக் கட்டிய கயிற்றை ஒரு கையால் மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு கை காற்றில் இருக்க வேண்டும். அது காளை மீதோ தன் உடல் மீதோ பட்டால் ஆட்டம் செல்லாது. கூண்டின் கதவு திறந்ததும் எட்டு நொடி உட்கார்ந்திருந்தால் மதிப்பெண். ஏழே முக்கால் நொடியில் விழுந்தால் பூஜ்யம். மொத்தம் 100 மதிப்பெண்ணில் பாதி வீரருக்கு, மீதிப் பாதி காளைக்கு. காளை எவ்வளவு மூர்க்கமாகத் துள்ளிச் சுழல்கிறதோ அவ்வளவுக்கு மதிப்பெண் ஏறும். அதனால் நல்ல வீரர்கள் சாதுவான காளைக்கு ஆசைப்படுவதில்லை. யாராலும் அடக்க முடியாத காளை தன் பங்குக்கு வர வேண்டும் என்றுதான் நினைப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. எட்டு நொடி முடிந்ததும் மணி அடிக்கும். அது மனிதருக்குத்தான். காளைக்கு மணி கணக்கெல்லாம் கிடையாது. முக்கால் டன் எடையுள்ள அந்த விலங்கிடமிருந்து இறங்கித் தப்பித்து வரும் அடுத்த சில நொடிகளுக்கு மதிப்பெண்ணே இல்லை. உயிர் போவது பெரும்பாலும் அங்கேதான்.

பால் பண்ணைக் கன்றுகள்

1963 அக்டோபர் 12 அன்று கொலராடோ மாநிலத்தின் லா ஹுன்டா ஊர் மருத்துவமனையில் பிறந்தார் லேன். அப்பா க்ளைட் ஃப்ராஸ்டும் ரோடியோக்காரர்தான். குதிரைச் சவாரியில் பெயர் எடுத்தவர். லேனுக்கு ஓர் அக்கா, ஒரு தம்பி. யூட்டா மாநிலத்தில் அவர்களுக்குப் பால் பண்ணை இருந்தது. ஐந்தாறு வயதிலேயே அந்தப் பண்ணைக் கன்றுகளின் முதுகுதான் லேனுக்குப் பயிற்சிக்களம்.

மகனின் ஆசைக்கு அப்பா குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ஓர் எல்லை வைத்தார். வளரும் பிள்ளையின் எலும்பு உறுதிப்படும் முன் பெரிய காளைகள் மீது ஏறக் கூடாது. அதனால் சுமார் 15 வயது வரை கன்றுகளோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று.

1978-ல் குடும்பம் ஓக்லஹோமா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. போய்ச் சேர்ந்த சிற்றூரின் பெயரும் 'லேன்' என்பது வேடிக்கையான ஒற்றுமை. அங்கேதான் குடும்ப நண்பரான ஃப்ரெக்கிள்ஸ் பிரவுனின் அருகாமை லேனுக்குக் கிடைத்தது.

ரோடியோ உலகில் ஃப்ரெக்கிள்ஸ் பிரவுன் ஒரு பழம்பெரும் பெயர். 1962-ல் கழுத்தெலும்பு முறிந்து படுத்திருந்த நிலையிலும், அதுவரை சேர்த்த பரிசுத்தொகையை யாராலும் தாண்ட முடியாததால் 41 வயதில் உலக சாம்பியன் ஆனவர். 200-க்கும் மேற்பட்ட முயற்சிகளில் எவராலும் அடக்க முடியாத 'டொர்னாடோ' என்ற காளையை 1967-ல், தன் 46-வது வயதில், எட்டு நொடி முழுதாகச் சவாரி செய்து காட்டியவர். அப்படிப்பட்டவர் பக்கத்தில் நின்று நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுக்க, 1981-ல் தேசிய அளவிலான உயர்நிலைப்பள்ளி ரோடியோவில் காளைச் சவாரி சாம்பியன் ஆனார் லேன். இரண்டு ஆண்டுகளில் தொழில்முறை வீரர்களின் அமைப்பில் சேர்ந்துவிட்டார்.

ஒரே வண்டியில் நான்கு பேர்

கிரிக்கெட், கால்பந்து வீரர்களைப் போல ரோடியோ வீரருக்குச் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு போட்டிக்கும் நுழைவுக் கட்டணத்தைத் தன் பையிலிருந்து கட்ட வேண்டும். பெட்ரோல், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சொந்தச் செலவு. ஜெயித்தால் பணம். விழுந்தால் கட்டணமும் போச்சு, உடம்பும் நோகும். ஆண்டு முழுக்கச் சேர்த்த பரிசுத்தொகை யாருக்கு அதிகமோ அவரே உலக சாம்பியன். அதனால் இரவெல்லாம் வண்டி ஓட்டி, ஊர் ஊராகப் போய், கிடைத்த காளை மீதெல்லாம் ஏறியாக வேண்டும். அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4-ஐ ஒட்டி நாடெங்கும் போட்டிகள் குவிந்து கிடக்கும். அந்த வாரத்துக்கு 'கவ்பாய் கிறிஸ்துமஸ்' என்றே பெயர்.

செலவைப் பகிர்ந்துகொள்ள வீரர்கள் சேர்ந்தே பயணம் செய்வார்கள். லேனுக்கு அப்படி அமைந்த கூட்டாளிகள் டஃப் ஹெடிமன், ஜிம் ஷார்ப், கோடி லாம்பர்ட். சேர்ந்து சுற்றிய இந்த நான்கு பேர்தான் 1980-களின் பிற்பாதியில் காளைச் சவாரியை ஆண்டார்கள். 1986-ல் உலக சாம்பியன் டஃப். 1987-ல் லேன். 1988-ல் ஜிம் ஷார்ப். 1989-ல் மறுபடி டஃப். நால்வரில் காளைச் சவாரிப் பட்டம் கிடைக்காதவர் கோடி லாம்பர்ட் மட்டும்தான். ஆனால் இந்த விளையாட்டுக்கு அவர் செய்த காரியம் எந்தப் பட்டத்தையும்விடப் பெரியது. அதைப் பிறகு பார்ப்போம்.

லேனிடம் எல்லோருக்கும் பிடித்தது அவர் சிரிப்பு. சவாரி முடிந்ததும் கூட்டத்தைப் பார்த்துக் கை அசைப்பார். கையெழுத்துக்கு நிற்கும் சிறுவர்களில் கடைசிப் பையன் வரை கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நகர்வார். அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டிய அவசரத்தில் நண்பர்கள் வண்டியில் காத்துக்கிடப்பது வழக்கமாகிவிட்டது.

வீட்டில் காத்திருந்தவர்

1985 ஜனவரியில் கெல்லி கைல் என்ற டெக்சாஸ் பெண்ணைக் கரம்பிடித்தார் லேன். பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையை விரட்டும் போட்டியில் கெல்லியும் வீராங்கனை. அதனால் இந்தத் தொழிலின் நெளிவுசுளிவு அவருக்குப் புதிதல்ல. ஆனாலும் தெரிந்துகொள்வது வேறு, வாழ்ந்து பார்ப்பது வேறு.

ஆண்டில் பெரும்பகுதி கணவர் சாலையில். வீட்டுக்கு வரும் தொலைபேசி அழைப்பு வெற்றிச் செய்தியாகவும் இருக்கலாம், மருத்துவமனையிலிருந்தும் இருக்கலாம். புகழ் ஏற ஏற லேனைச் சுற்றிக் கூட்டமும் ஏறியது. இளம் தம்பதிக்குள் மனக்கசப்பு வந்தது. தள்ளித் தள்ளிப் போன காலமும் இருந்தது. ஆனால் உறவு முறியவில்லை. மறுபடி கைகோத்தார்கள். 1988-ல் லேன் இறைநம்பிக்கையிலும் ஆழமாக இறங்கினார். வாழ்க்கை ஒரு நிதானத்துக்கு வந்துகொண்டிருந்தது.

பட்டம் வந்த ஆண்டிலேயே ஓர் இழப்பும் இருந்தது. 1987 மார்ச்சில் ஃப்ரெக்கிள்ஸ் பிரவுன் காலமானார். அந்த ஆண்டின் இறுதியில் லேன் உலக சாம்பியன் ஆனதைப் பார்க்க அந்தக் கிழவர் இல்லை.

ரெட் ராக்கும் லேனும்

அந்த நாளில் 'ரெட் ராக்' என்றொரு காளை இருந்தது. 309 முறை வீரர்கள் அதன் மீது ஏறினார்கள். 309 முறையும் கீழே விழுந்தார்கள். களத்துக்கு வெளியே அது பரம சாது. தட்டிக்கொடுத்தால் பேசாமல் நிற்கும். கதவு திறந்தால்தான் வேறு பிறவி. தோல்வியே காணாமல் 1987-ல் அந்தக் காளைக்கு ஓய்வு கொடுத்தார்கள்.

சாம்பியன் மனிதனும் சாம்பியன் காளையும் மோதினால் எப்படி இருக்கும்? 1988-ல் அந்தக் கேள்விக்குப் பதில் தேட ஏழு மோதல்களுக்கு ஏற்பாடானது. ஓய்விலிருந்த ரெட் ராக் மீண்டும் களத்துக்கு வந்தது. முதல் இரண்டு மோதல்களிலும் லேன் தூக்கி எறியப்பட்டார். மூன்றாவது முறை, எட்டு நொடியும் காளையின் முதுகிலேயே இருந்தார். ரெட் ராக்கை முதன்முதலில் வென்ற மனிதர் அவர்தான்.

ஆறு மோதல்கள் முடிந்தபோது மூன்றுக்கு மூன்று. ஏழாவது, லேன் சிறுவயதைக் கழித்த யூட்டா மாநிலத்தின் ஸ்பானிஷ் ஃபோர்க் ஊரில் நடந்தது. அதிலும் தாக்குப்பிடித்து 4-3 என்று தொடரைக் கைப்பற்றினார். அந்தக் கோடையில் ரோடியோ பார்க்காதவர்களுக்கும் லேன் ஃப்ராஸ்ட் என்ற பெயர் தெரிந்துவிட்டது.

சேற்றில் விழுந்த நாள்

1989 ஜூலை 30, ஞாயிற்றுக்கிழமை. வயோமிங் மாநிலத்தின் ஷையான் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் 'ஃப்ரான்டியர் டேஸ்' விழாவின் இறுதி நாள். அமெரிக்காவின் மிகப் பெரிய திறந்தவெளி ரோடியோக்களில் ஒன்று அது. மழையில் களம் சேறாகிக் கிடந்தது.

லேனுக்கு வந்த காளையின் பெயர் 'டேக்கின் கேர் ஆஃப் பிசினஸ்'. எட்டு நொடியும் குறையில்லாமல் சவாரி செய்தார். 85 மதிப்பெண் கிடைத்த அருமையான சவாரி. மணி அடித்ததும் கீழே குதித்தார். இறங்கிய இடம் சேறு. சட்டென்று எழுந்து ஓட முடியவில்லை. திரும்பி வந்த காளை, கொம்பை முதுகில் பதித்து அவரைத் தரையோடு அழுத்தியது.

காளை நகர்ந்த பிறகு லேன் எழுந்து நின்றார். நண்பர் டஃப் ஹெடிமன் இருந்த பக்கம் பார்த்து உதவிக்குக் கை அசைத்தார். சில அடி நடந்தார். பிறகு முகம் குப்புற விழுந்தார். வெளியே பெரிய காயம் தெரியவில்லை. உள்ளே, முறிந்த விலா எலும்பு பெரிய ரத்தக்குழாயைக் கிழித்துவிட்டிருந்தது. காப்பாற்ற முடியவில்லை. அவருக்கு 26 வயது ஆக இன்னும் இரண்டரை மாதம் இருந்தது.

ஓக்லஹோமாவின் ஹ்யூகோ நகரில், குரு ஃப்ரெக்கிள்ஸ் பிரவுனின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

நண்பனுக்காக இன்னொரு எட்டு நொடி

நண்பனைப் பறிகொடுத்தவர்கள் காளைச் சவாரியை விட்டுவிடவில்லை. விட்டால் பிழைப்பும் இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் லாஸ் வேகாஸில் தேசிய இறுதிப் போட்டி. பத்து இரவுகள், பத்துச் சுற்றுகள். உலக சாம்பியன் பட்டத்தைத் தன்வசமாக்கியிருந்த டஃப் ஹெடிமன் கடைசிக் காளை மீது ஏறினார்.

எட்டாவது நொடியில் மணி அடித்தது. டஃப் இறங்கவில்லை. துள்ளும் காளை மீது மேலும் எட்டு நொடி உட்கார்ந்திருந்தார். முதல் எட்டு தனக்கு. அடுத்த எட்டு லேனுக்கு. அன்று அந்த அரங்கில் இருந்தவர்களுக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பட்டம் பெறாதவர் செய்த காரியம்

கோடி லாம்பர்ட் மனதை வேறொரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது. லேன் செய்த தவறு என்ன? ஒன்றும் இல்லை. சவாரி சரியாகத்தான் இருந்தது. எடுத்தது 85. அப்படியென்றால் திறமை மட்டும் உயிரைக் காப்பாற்றாது. மார்புக்கும் கொம்புக்கும் நடுவில் ஏதாவது இருக்க வேண்டும்.

அதுவரை வீரர்கள் சாதாரணச் சட்டையோடுதான் காளை மீது ஏறிக்கொண்டிருந்தார்கள். பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கிகள் உடுத்தும் பாதுகாப்பு உடையைப் போல ஒன்றைக் காளைச் சவாரிக்கு ஏற்றபடி உருவாக்கினார் லாம்பர்ட். மேலே தடித்த உறை, உள்ளே அடியைத் தாங்கும் நுரைத் தகடுகள். கொம்போ குளம்போ ஓரிடத்தில் இறங்கும்போது அந்த விசையை மார்பு, முதுகு முழுவதும் பரப்பிவிடுவதுதான் அதன் வேலை. வலி இருக்கும். விலா எலும்பு முறிந்து உள்ளே குத்தும் வாய்ப்பு குறையும். கை, தோள் அசைவுக்கு இடைஞ்சலாகவும் இருக்காது.

1990-களின் தொடக்கத்தில் லாம்பர்ட் அதை அணிந்து களமிறங்கினார். மற்றவர்களும் அணியத் தொடங்கினார்கள். 1992-ல் 20 வீரர்கள் தலைக்கு 1,000 டாலர் போட்டு, காளைச் சவாரிக்கென்றே 'பிபிஆர்' என்ற தனி அமைப்பைத் தொடங்கினார்கள். டஃப் ஹெடிமனும் கோடி லாம்பர்ட்டும் அந்த இருபதில் உண்டு. பிபிஆர் போட்டிகளில் கவசம் கட்டாயமானது. இளம் வீரர்களுக்குத் தலைக்கவசமும் பின்னர் கட்டாயமாகியிருக்கிறது.

கவசம் எமனை முழுதாக விரட்டிவிட்டது என்று சொல்ல முடியாது. 2019 ஜனவரியில் டென்வர் நகரில் மேசன் லோ என்ற வீரரின் மார்பில் காளை மிதித்தது. கவசம் அணிந்திருந்தும் அவர் பிழைக்கவில்லை. அவருக்கும் வயது 25. ஆனால் அடிபட்டு விழுந்தும் மறுவாரமே சிரித்துக்கொண்டு வீரர்கள் களத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் அந்தக் கவசத்துக்குப் பங்கு உண்டு. காப்பாற்றப்பட்ட உயிர்கள் தலைப்புச் செய்தி ஆவதில்லை.

மகனுக்குக் கொடுத்த வாக்கு

டஃப் ஹெடிமன் தன் மகனுக்கு லேன் என்றே பெயர் வைத்தார்.

1995-ல் 'போடேஷியஸ்' என்ற பயங்கரக் காளை டஃபின் முகத்தில் தலையால் மோதியது. முகத்தின் எலும்புகள் நொறுங்கின. கவசம் மார்பைத்தானே காக்கும்? அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு, சில வாரங்களிலேயே தேசிய இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார். குலுக்கலில் அவருக்கு விழுந்தது அதே போடேஷியஸ்.

கதவு திறந்தது. காளை துள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தது. அதன் முதுகில் யாரும் இல்லை. டஃப் ஏறவில்லை. தொப்பியைத் தொட்டு, போகும் காளைக்கு ஒரு வணக்கம் வைத்தார். அந்தக் காளை மீது இனி ஏறுவதில்லை என்று தன் சின்ன மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். செத்துப்போன நண்பனுக்காகப் பதினாறு நொடி உட்கார்ந்த மனிதர், அந்த நண்பனின் பெயரைச் சுமக்கும் பிள்ளைக்காக ஒரு நொடிகூட உட்காரவில்லை. இரண்டுக்குமே துணிச்சல் வேண்டும். அதே போட்டியில் அடுத்து அதன் மீது ஏறிய வீரரின் முகத்தையும் பதம்பார்த்த பிறகு, அந்தக் காளைக்கு நிரந்தர ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

மீண்டும் ஒரு ஃப்ராஸ்ட்

லேனின் வாழ்க்கை 1994-ல் '8 செகண்ட்ஸ்' என்று ஹாலிவுட் படமானது. லூக் பெர்ரி லேனாக நடித்தார். 'ராக்கி' எடுத்த ஜான் ஆவில்ட்சன்தான் இயக்கம். ஷையான் மைதானத்தில் லேன் காளை மீது அமர்ந்திருக்கும் வெண்கலச் சிலை நிற்கிறது. கெல்லி பிறகு மறுமணம் செய்து, பிள்ளைகள் பெற்று, தனக்கென ஒரு குடும்பத்தை அமைத்துக்கொண்டார். க்ளைடும் எல்சியும் ரோடியோவை வெறுத்து ஒதுங்கிவிடவில்லை. மகனைக் கொன்ற களங்களுக்கே திரும்பப் போனார்கள். அங்கே வரும் இளைஞர்களிடம் மகனின் கதையைச் சொன்னார்கள்.

2024-ல் காளைச் சவாரி உலக சாம்பியன் பட்டம் மறுபடி அந்தக் குடும்பத்துக்கு வந்தது. வென்றவர் யூட்டாவைச் சேர்ந்த ஜோஷ் ஃப்ராஸ்ட். லேனுக்கு உறவுக்காரப் பையன். லேன் பட்டம் வென்று 37 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே எட்டு நொடி. அதே குடும்பப் பெயர். லேன் ஏறியபோது மார்பில் வெறும் சட்டைதான் இருந்தது. ஜோஷ் ஏறியபோது, சட்டைக்கு மேல் கவசம் இருந்தது.